கட்டடமும் கடப்பாடும்: போரால் நலிந்த புறநிலங்களிற் பொதுக்கட்டடங்கள் பற்றிய சில சிந்தனைகள்

நிலைபேறு என்னும் சொல் இன்று திட்ட அறிக்கைகள் யாவற்றிலும் பயின்று வருவது. 1987ஆம் ஆண்டில் புறுண்ட்லாண்ட் அம்மையார் தலைமையில் அமைந்த உலக ஆணைக்குழு, இன்றையோர் தம் தேவைகளை நிறைவு செய்யுங்கால் வருந்தலைமுறையினர் தம் தேவைகளை நிறைவு செய்துகொள்ளும் ஆற்றலுக்கு ஊறு விளைத்தல் ஆகாது என வகுத்துரைத்தது. அறக்கருத்தாகப் பிறந்த அது, கட்டடக்கலையின் எல்லைக்குள் வந்ததும் பெரும்பாலும் மின்சாரச் சிக்கனத்தையும் கரிவாயுக் கணக்கையும் குறிக்கும் அளவுகோலாகச் சுருங்கிவிட்டது. வசதியுள்ள நகரொன்றின் அலுவலக மாடத்துக்கு அவ்வளவுகோல் போதுமாகலாம். பல்லாண்டுப் போரினால் நலிந்து, பெருந்தெருவினின்று விலகிக் கிடக்கும் ஊரொன்றின் வைத்தியசாலைக்கும் பாடசாலைக்கும் அது போதுமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. இவ்வினா பொறியியல் சார்ந்தது போலத் தோன்றினும் அடிப்படையில் அறஞ் சார்ந்தது. அத்தகைய இடங்களிற் கட்டடத்தை வரைபவர் ஒருவர். பணம் தருபவர் இன்னொருவர். கட்டி முடித்துச் செல்பவர் வேறொருவர். அதனுள் நாற்பது ஆண்டுகள் இருந்து பயன்கொள்ள வேண்டியவரோ இம்மூவருள் எவரும் அல்லர்.

கட்டடம் என்பது நன்மை தீமை அறியாத வெறுங்கூடு. நன்மையும் தீமையும் அதனுட் புகுந்து வினையாற்றும் மனிதரையே சாரும் என்பது பொதுவான எண்ணம். தென்னாபிரிக்காவின் குவாசுலு-நற்றால் மாகாணத்திலுள்ள துகேலா பெரி என்னும் சிற்றூரிலிருந்து 2006ஆம் ஆண்டு வெளிவந்த செய்தி அவ்வெண்ணத்தை ஆட்டங்காணச் செய்தது. அவ்வூர் வைத்தியசாலையில், மருந்துகள் பலவற்றுக்கும் கட்டுப்படாத கடுமையான காசநோய் 53 பேரிடம் கண்டறியப்பட்டது. அவர்களுள் 52 பேர் இறந்தனர். எயிட்ஸ் நோயால் எதிர்ப்பாற்றல் குன்றியிருந்தோர் பலர், சிகிச்சை நாடி வந்த இடத்திலேயே இத்தொற்றைப் பெற்றிருக்க வேண்டுமென ஆய்வாளர் கருதினர். ஒருவர் இருமிய காற்றை மற்றொருவர் சுவாசிக்கும்படி அமைந்த நெருக்கமான விடுதியே நோயின் தூதுவனாயிற்று. இங்கே குற்றவாளி எவர்? மருத்துவர் அல்லர், தாதியர் அல்லர். கட்டடத்தை வரைந்தவரும் தீங்கு கருதியவர் அல்லர். எனினும் தீங்கு நிகழ்ந்தது. கருதாது செய்த தீங்குக்குப் பொறுப்புண்டா என்ற பழைய வினா இங்கே சுவரும் சாளரமுமாக உருக்கொண்டு நிற்கின்றது. நீதிமன்றம் இதனை விசாரிக்க வழியில்லை. அறவியல் விசாரித்தே ஆகவேண்டும்.

அவ்விசாரணையின் விடையாக எழுந்த கட்டடம் ஒன்று உண்டு. றுவாண்டாவின் வடபுலத்தில், உகண்டா எல்லையை அடுத்துள்ள புரேரா மாவட்டம், 1990இல் தொடங்கிய உள்நாட்டுப் போரையும், நூறு நாட்களில் ஏறத்தாழ 8 இலட்சம் பேர் கொல்லப்பட்ட 1994ஆம் ஆண்டின் இனப்படுகொலையையும் கண்ட நாட்டின் மலைக்கோடி. 3 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த அம்மாவட்டத்தில் ஒழுங்கான வைத்தியசாலை நெடுங்காலம் இருக்கவில்லை. அங்கே புட்டாரோ என்னுமிடத்தில் றுவாண்டா அரசின் சுகாதார அமைச்சும், போல் பாமர் என்னும் அமெரிக்க மருத்துவர் முன்னின்று நடத்திய தொண்டு நிறுவனமும் இணைந்து அமைத்த வைத்தியசாலை 2011 சனவரியிற் திறக்கப்பட்டது. வரைந்தவர்கள் அப்போது ஹாவாட் பல்கலைக்கழகத்திற் கட்டடக்கலை பயின்றுகொண்டிருந்த மைக்கல் மேர்பி, அலன் றிக்ஸ் முதலானோர். மாணவர்களிடம் மாவட்ட வைத்தியசாலையொன்றை ஒப்படைப்பதா என வினவத் தோன்றும். பழகிய கைகள் பழகிய தவறுகளையும் உடன்கொண்டு வருவன என்பதை நினைத்தால் அவ்வினாவின் கூர் சற்று மழுங்கும்.

அவ்வைத்தியசாலையில் உள் நடைபாதைகள் இல்லை. பொதுவாக வைத்தியசாலைகளின் நடுவே ஓடும் இருண்ட நடைபாதையே நோயாளர் காத்திருக்குமிடம். தொற்றுப் பரவுமிடமும் அதுவே. புட்டாரோவில் நடைபாதை கூரையிட்ட வெளித்திண்ணையாக மாறியது. விடுதியின் சுவர்களில் உயரத்தே அமைந்த காற்றுப்பலகணிகள் வெப்பக்காற்றை வெளியேற்றுகின்றன. மிகப் பெரிய விட்டமுடைய மின்விசிறிகள் மெதுவாகச் சுழன்று காற்றை மேலே தூக்குகின்றன. மேலெழுந்த காற்றிலுள்ள கிருமிகளை ஊதாக்கடந்த ஒளிவிளக்குகள் அழிக்கின்றன. கட்டில்கள் சுவரோரமாக நிறுத்தப்படாமல் விடுதியின் நடுவே தாழ்சுவரொன்றை ஒட்டி இடப்பட்டிருப்பதால், படுத்திருப்பவர் எதிரே படுத்திருப்பவரின் துன்பத்தையன்றிச் சாளரத்துக்கு வெளியே பள்ளத்தாக்கையே நோக்குகின்றார். இவ்வொழுங்கு எனக்கு மிகவும் பிடித்தது. கிருமியைப் பற்றிய சிந்தனையும் மனிதரின் கண்ணியத்தைப் பற்றிய சிந்தனையும் ஒரே கோட்டில் வந்து சேர்ந்த இடம் அது.

சுவர்களுக்கு விருங்கா எரிமலைத் தொடரின் கருங்கற்கள் பயன்பட்டன. அப்பகுதி உழவருக்கு அக்கல் ஒரு தொல்லை; கொத்தும்போதெல்லாம் மண்வெட்டியில் இடறுவது; பொறுக்கி வரம்போரம் குவிக்கப்படுவது. அத்தொல்லையைச் செதுக்கி இடைவெளி தெரியாமற் பொருத்தி எழுப்பிய சுவர் இன்று அவ்வைத்தியசாலையின் அடையாளம். மண்ணகழும் வேலையிற் பெரும்பகுதி இயந்திரமின்றி மனிதரின் கைகளாலேயே முடிந்தது. முறைவைத்து வேலை செய்தோர் சுமார் 4,000 பேர் என்பர். கற்சுவர் வேலையிற் தேர்ந்த மேசன்மாருக்குப் பின்னர் வேறிடங்களிலும் வேலை கிடைத்தது. எனினும் இக்கட்டடத்தை உள்ளூர்ப் பொருள் என்னும் சமயத்தின் கோயிலாக்கிவிடுதல் தவறு. கிருமி தங்காத இணைப்பற்ற தரைப்பூச்சும் மின்விசிறியும் ஒளிவிளக்கும் வெளியிலிருந்து வந்தவையே. எது உள்ளூரில் இயலும், எது இயலாது என்று பொருளுக்குப் பொருள் வினவியமையே அங்கே நிகழ்ந்த நன்மை.

இவ்விடத்தே ஈழத்துத் தமிழ் வாசகர் ஒருவர் குறுக்கிடக்கூடும், குறுக்கிடவும் வேண்டும். உள்ளூர்ப் பொருள், குறைந்த எரிசக்தி, கிராமத்துக் கைத்திறன் என இன்று கருத்தரங்குகளிற் புகழப்படுபவை யாவும் வன்னியில் ஒருகாலத்தில் தெரிவாக அன்றி விதியாக வாய்த்தவை. 1990ஆம் ஆண்டு மீண்டும் போர் மூண்டபின் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளுக்குச் சீமெந்து, இரும்பு, எரிபொருள், மின்கலம், உரம் முதலான பலவும் செல்லத் தடை விதிக்கப்பட்டது. 1995இன் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெயர்ந்ததும், மறு ஆண்டில் கிளிநொச்சி நகர் போர்க்களமானதும் அத்தடையின் கொடுமையைப் பன்மடங்காக்கின. பாடசாலைகள் மரநிழலிலும் கிடுகுக் கொட்டில்களிலும் நடந்தன. வைத்திய சேவைகள் உட்கிராமங்களுக்குப் பெயர்ந்தன. மண்சுவர், பனஞ்சிலாகை, கிடுகு, சாணமிட்ட தரை: இவற்றுக்குள்ளே பிரசவங்கள் நடந்தன, சாதாரண தரப் பரீட்சைக்கு மாணவர் ஆயத்தமாயினர். கரிவாயுக் கணக்குப் பார்ப்போர் அக்கொட்டில்களுக்கு முழுப்புள்ளி இடுவர். ஆனால் மாரிமழையில் ஒழுகும் கூரையின் கீழ்ப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்து நின்ற பிள்ளைக்கு அது முற்றுகையின் மறுபெயர்.

ஆகவே 2002 பெப்ரவரி உடன்படிக்கைக்குப் பின் தடை தளர்ந்து, ஏ-9 வீதியால் சீமெந்து மூட்டைகள் ஏற்றிய லொறிகள் வடக்கே செல்லத் தொடங்கியபோது, அம்மூட்டைகளைச் சமாதானத்தின் முதற்கனியாக மக்கள் கண்டதில் வியப்பில்லை. அம்மக்களிடம் சென்று மண்ணே சிறந்தது, கொங்கிறீற்று புவியை வெப்பமாக்கும் என உபதேசிப்பவர், தாம் கொங்கிறீற்று மண்டபத்தில் மின்விசிறியின் கீழிருந்து பேசுவதை மறந்துவிடுகின்றார். எளிமை பற்றிய உபதேசம் எப்போதும் வசதியிலிருந்து வறுமையை நோக்கியே பாய்வதேன்? நகரத்தார்க்கு ஒரு நியாயமும் வன்னியார்க்கு இன்னொரு நியாயமும் எனின், நிலைபேறு என்பது பாகுபாட்டுக்கு இட்ட நாகரிகப் பெயராகிவிடும். இதனை நான் இக்கட்டுரையின் மையக்கருத்துக்கு எழும் வலிமையான மறுப்பாகக் கருதுகின்றேன். இதனை ஒதுக்கிவிட்டு மேற்செல்ல இயலாது.

இம்மறுப்பு ஆபிரிக்காவிலும் எழுந்ததே. புர்கினா பாசோ நாட்டின் காண்டோ என்னும் ஊரிற் பிறந்த பிரான்சிஸ் கெரே, பெர்லினிற் கட்டடக்கலை பயிலும் காலத்தில் நன்கொடை திரட்டித் தம்மூருக்கு ஒரு பாடசாலை கட்ட முற்பட்டார். களிமண்ணாற் கட்டப்போகின்றேன் என அவர் சொன்னபோது ஊரார் மகிழவில்லை. களிமண் வீடு மழைக்குக் கரையும் என்பதை அவர்கள் ஆண்டுதோறும் கண்டவர்கள். ஐரோப்பா சென்று படித்துவந்து நமக்கு மண்ணையா தருவது என்பது அவர்களின் ஏமாற்றம். கெரே வாதாடிக்கொண்டிருக்கவில்லை, செய்து காட்டினார். மண்ணுடன் சிறிதளவு சீமெந்து கலந்து அழுத்திய கற்கள், அவற்றாலேயே அமைந்த உட்கூரை, அதற்கு மேலே இரும்புக் கம்பிச் சட்டங்களின் மீது உயர்த்தி நிறுத்திய தகரக் கூரை. தகரம் ஏற்கும் வெப்பத்தை இரண்டுக்கும் இடையே ஓடும் காற்று அள்ளிச் செல்லும். அகன்று நீண்ட கூரை மழையைச் சுவரினின்று விலக்கும். 2001இல் முடிந்த அப்பாடசாலைக்கு 2004இல் ஆகா கான் விருது கிட்டியது. 2022இற் கெரே கட்டடக்கலைக்கான பிறிட்ஸ்கர் பரிசைப் பெற்ற முதல் ஆபிரிக்கரானார். ஊராரின் ஐயத்தை அவர் அறியாமையெனத் தள்ளாது ஒரு பொறியியல் நிபந்தனையாக ஏற்றுக்கொண்டது கருதத்தக்கது. மண் கரையும் என்றார்கள். கரையாத மண்ணைக் காட்டுவதே விடையாயிற்று.

தகரக் கூரையின் வெம்மையை நம் நாட்டு வறள்வலயத்தவர்க்கு விளக்க வேண்டியதில்லை. மே முதல் செப்டெம்பர் வரையான கோடையில், உட்கூரையற்ற தகரத்தின் கீழ் நண்பகலிற் கணிதம் கற்பிப்பது எத்தகையது என்பதை ஆசிரியர் அறிவர். உயர்ந்த ஓட்டுக்கூரை, அகன்ற விறாந்தை, தடித்த சுவர் ஆகியவற்றைக் கொண்ட பழைய மிசன் பாடசாலைகள் இவ்வகையில் இன்றைய பலவற்றினும் அறிவுடையனவாய் நிற்கின்றன.

இனி, மேற்கூறிய மறுப்புக்கு விடை யாது? விடையின் ஒரு பகுதியை வன்னி மக்களே தந்தனர். 2015க்குப் பின் வடக்குக் கிழக்கில் 65,000 உருக்கு வீடுகளை அமைக்கும் திட்டமொன்றை அரசு முன்வைத்தது. பன்னாட்டு நிறுவனமொன்று தொழிற்சாலையிற் செய்த பகுதிகளைக் கொண்டுவந்து பூட்டித் தருவது அதன் முறை. வீடொன்றுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா என முதலிற் கணக்கிடப்பட்டது. இந்திய வீடமைப்புத் திட்டத்திலோ, பயனாளியே நின்று கட்டும் கல்வீட்டுக்கு வழங்கப்பட்ட தொகை 5.5 இலட்சம் ரூபா. அத்தொகை போதாமையாற் பலர் கடன்பட்டனர் என்பதும் உண்மையே. ஆயினும் உருக்கு வீடுகளுக்கு எதிராகச் சமூக அமைப்புகளும் மக்கள் பிரதிநிதிகளும் பொறியியற் பேராசிரியர் சிலரும் எழுப்பிய வாதங்களை நோக்குக. உப்புக்காற்றில் துருப்பிடிக்கும், வெப்பம் தாங்காது என்பன சில. அவற்றினும் ஆழமானவை வேறு: உடைந்தால் ஊர் மேசன் திருத்த முடியாது; மகளுக்குக் கலியாணம் வந்தால் ஓர் அறை கூட்ட முடியாது; கட்டும் வேலையின் கூலி ஊரிற் தங்காது. அத்திட்டம் அவ்வடிவில் நிறைவேறவில்லை.

இவ்வாதங்களிலே மண்ணா சீமெந்தா என்ற வினா இல்லை. தம் கைக்கு எட்டுவதா எட்டாததா என்பதே வினா. சீமெந்துக் கல்லரிந்து சுவர் எழுப்பவும் பூசவும் அறிந்த மேசன் இன்று வன்னியின் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. ஆதலால் சீமெந்துக்கல் அவர்களுக்கு இன்று உள்ளூர்ப் பொருளே. உள்ளூர் அறிவு என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் உறைந்துபோன ஒன்றன்று; அதுவும் கற்றுக்கொண்டே வருவது. இந்நோக்கிற் பார்க்குமிடத்து, புறநிலத்துப் பொதுக்கட்டடத்தின் நிலைபேற்றை அளக்கும் முதல் வினா, இது எத்தனை ஆண்டு நிற்கும் என்பதன்று. இது பழுதுபட்டால் எவர் திருத்துவர் என்பதே. திருத்தும் ஆற்றலை மக்களிடம் விட்டுச்செல்லாத கட்டடம், எத்துணைப் பெரிய கொடையாயினும், கொடுத்தவரின் உடைமையாகவே இருந்துவிடுகின்றது.

இதனைப் பழுதுகளின் இயல்பினின்றும் விளக்கலாம். கிடுகின் பழுது முதல் மழையிலேயே சொட்டும். அடுத்த நாளே அதனை வேயலாம். ஓடு உடைந்தால் ஒளிக்கீற்று உள்ளே விழுந்து காட்டிக்கொடுக்கும். வலுவூட்டிய கொங்கிறீற்று அவ்வாறன்று. கழுவாத கடல்மணலோ உவர்நீரோ கலந்து குழைத்த கொங்கிறீற்றில் உப்பு, உள்ளிருக்கும் கம்பியைச் சந்தடியின்றி அரிக்கின்றது. துரு, இரும்பினும் பன்மடங்கு இடத்தை வேண்டுவது. அது வீங்கிக் கொங்கிறீற்றைப் பிளந்து, ஒருநாள் தளத்தின் அடிப்பகுதி வகுப்பறையில் உதிரும்போதே செய்தி வெளிவரும். அப்போது ஊர் மேசனால் ஆகக்கூடியது மேற்பூச்சு மட்டுமே. தன் பிழையை மறைத்துவைக்கும் கட்டடத்தை, அப்பிழையைக் கண்டறியும் கருவியும் பொறியியலாளரும் இல்லாத இடத்தில் நிறுவுவது ஒருவகையில் நம்பிக்கைத் துரோகம். நகரில் அதே கட்டடம் அவ்வாறு ஆகாது. அங்கே பரிசோதிப்பவர் இருக்கின்றார். ஆகவே நகருக்கும் புறநிலத்துக்கும் ஒரே வரைபடத்தை வழங்குவது சமத்துவமாகத் தோன்றினும் விளைவிற் சமமற்றது. முன்பு எழுப்பிய பாகுபாட்டு வினாவுக்கு என் விடை இதுவே: சமமாக இருக்கவேண்டியது பொருளன்று, பொருளின்மேல் மக்களுக்கு உள்ள ஆட்சி.

மக்களிடம் கேட்டுச் செய்தல் என்பது இன்று எல்லோரும் சொல்வது. செய்வோர் அருகியே காணப்படுகின்றனர். எகிப்தின் ஹசன் பாத்தி 1946இல் லுக்சோருக்கு அருகே புதிய குர்ணா என்னும் ஊரை மண்கற்களால் எழிலுறக் கட்டத் தொடங்கினார். பழைய குர்ணா மக்கள் தொல்கல்லறைகளின் மேல் வாழ்ந்து அவற்றையே பிழைப்பாக்கியவர்கள். அவர்களிற் பெரும்பாலார் அங்கே குடிபெயர மறுத்தனர். பாத்தியின் மண்கட்டடக் கலை உலகெங்கும் பாராட்டப்பெற்றது. ஊர் மட்டும் நிறையவில்லை. நம் நாட்டின் மின்னெட் டி சில்வாவோ, கண்டியை அடுத்த வட்டப்புளுவையில் 1950களில் இரு நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளை அமைக்குமுன், குடியேறவிருந்த பல இன, பல சமயக் குடும்பங்களிடம் வினாக்கொத்து வழங்கி அவரவர் வாழ்முறையைக் கேட்டறிந்தார். அம்முயற்சியை நம் மாணவருட் பலர் அறியார்.

இதுவரை கூறியவை போர் ஓய்ந்த நிலத்துக்குப் பொருந்துவன. போர் ஓயாத, அல்லது மீளக்கூடிய நிலத்தின் சிக்கல் வேறு. காசநோய் விடுதிக்குத் திறந்த சுவர் வேண்டும். எறிகணைக்கு மூடிய சுவர் வேண்டும். ஒளியும் காற்றும் உயிர் தருவன. சாளரக் கண்ணாடியோ குண்டு வெடித்த கணத்தில் ஆயிரம் கத்திகளாவது. இவ்விரண்டு தேவைகளுக்கும் ஒருசேர விடையளிக்கும் வரைபடம் இல்லை. சிரியாவில், தலைநகரை அண்டிய கிழக்குக் கூத்தாவில் மருத்துவர்கள் வைத்தியசாலையை நிலத்தின் கீழ்க் கொண்டுசென்றனர். உயிர்காக்க அவர்களுக்கு வேறு வழியிருக்கவில்லை. எனினும் நிலத்தடி வைத்தியசாலையை முன்மாதிரியாக ஏற்று வரைந்துவைப்போமாயின், 1949ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தங்கள் வைத்தியசாலைக்கு அளித்த பாதுகாப்பு இறந்துவிட்டதென நாமே சான்றிதழ் எழுதிக் கொடுப்பவராவோம். கட்டடக் கலைஞர் தம் வரைபடத்தாற் சட்டத்தின் தோல்வியை ஈடுசெய்ய முயல்வது எந்த எல்லைவரை நியாயம்?

சட்டம் தோற்ற இடங்கள் பல. ஆப்கானிஸ்தானின் குண்டூஸ் நகரில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் வைத்தியசாலை அமைந்த இடம் படைத்தரப்பினருக்கு முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தது. 2015 ஒக்டோபர் 3ஆம் நாள் அமெரிக்க வான்படை அதனைத் தாக்கியது. 42 பேர் மாண்டனர். அதற்கு அடுத்த ஆண்டே ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை, மருத்துவ நிலையங்கள் மீதான தாக்குதல்களைக் கண்டித்து 2286ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியது. நம் மண்ணில், 2009இன் தொடக்கத்திற் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை மீது எறிகணைகள் மீண்டும் மீண்டும் வீழ்ந்தமையை ஐக்கிய நாடுகளின் நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை பதிவு செய்துள்ளது. இவற்றை எழுதும்போது சாளரம் பற்றியும் உட்கூரை பற்றியும் பேசுவது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும் ஒரு கணம் வரவே செய்கின்றது. காண்டோ பாடசாலை பிறந்த புர்கினா பாசோவிலும், 2015இன் பின்னர் மூண்ட வன்முறையால் ஆயிரக்கணக்கான பாடசாலைகள் மூடப்பட்டன. நற்கூரை எதுவும் அதனைத் தடுத்துவிடவில்லை.

ஆயினும் வரைபவரின் கைக்குள் அடங்கும் சில உண்டு. சந்தியில் எழுந்து நிற்கும் இரண்டு மாடிக் கொங்கிறீற்றுப் பாடசாலை, படையணி எதுவாயினும் அதற்குக் காவலரணாகவும் முகாமாகவும் வாய்ப்பானது. போர்க்காலங்களிற் பாடசாலைகள் படையினரின் தங்குமிடங்களாவது பல நாடுகளிலும் கண்ட உண்மை. தாழ்ந்து பரந்து, நாற்புறமும் திறந்து, தனித்தனி வகுப்பறைகளாக மரங்களிடையே சிதறிய பாடசாலை ஆயுதம் தாங்கியோருக்கு அத்துணை பயன்படாது. பெரிய ஒன்றினும் சிறிய பல மேலானவை என்பதற்குக் கிளிநொச்சி நீர்த்தாங்கியினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. நகர் முழுவதன் தாகத்தையும் தன் ஒரு தலையில் ஏந்தி நின்ற அது, 2009 சனவரியில் நகர் கைமாறியபோது தகர்க்கப்பட்டு வீதியோரம் வீழ்ந்து கிடந்தது. பின்னர் பல ஆண்டுகள் தெற்கிலிருந்து வந்தோர் அதன்முன் நின்று படமெடுத்துச் சென்றனர். ஊர்க் கிணறுகளை எவரும் படமெடுக்கவில்லை. அவற்றிலிருந்து மீள்குடியேறியோர் நீர் அள்ளினர்.

தற்காலிகம் என்னும் சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. அனர்த்தத்தின் மறுநாள் கூடாரம் வேண்டும். அதனை எவரும் மறுக்கார். ஆனால் தற்காலிக வகுப்பறையென அமைத்த தகரக் கொட்டிலில் முதலாம் வகுப்பிற் சேர்ந்த பிள்ளை அங்கேயே ஐந்தாம் வகுப்பை முடிக்குமாயின், அப்பிள்ளைக்கு அது தற்காலிகமன்று; அதன் பள்ளிப்பருவம் முழுவதும் அதுவே. பிறருடைய காலத்தைத் தற்காலிகமென அழைக்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது என்பதை நிர்வாகத்தார் சிந்தித்தல் வேண்டும்.

கொடையாளர் கட்டுவதற்குப் பணம் தருவர்; பேணுவதற்குத் தருவது அரிது. திறப்புவிழாவுக்குக் கல்வெட்டு உண்டு. பீலி துப்புரவாக்கும் நாளுக்குக் கல்வெட்டு இல்லை. கட்டடம் கையளிக்கப்படும்போது சாவிக்கொத்து அதிபரிடம் தரப்படுகின்றது. வரைபடங்கள் கொழும்பிலோ அயல்நாட்டுத் தலைநகர் ஒன்றிலோ தங்கிவிடுகின்றன. நீர்க்குழாய் சுவரினுள் எவ்வழி செல்கின்றது என்பதை அறிய ஊரார் சுவரை உடைத்துப் பார்க்கவேண்டியுள்ளது. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றிய சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மிசன் மருத்துவர், தாம் சென்றபின்னும் தொழில் நிற்கலாகாதெனில் அது ஊரார் மொழியில் இருக்கவேண்டுமெனக் கண்டு, மருத்துவ நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே மாணவரைப் பயிற்றினார். ஒரு பாடசாலைக் கட்டடத்துக்கு அத்துணைப் பெருமுயற்சி வேண்டியதில்லை. எந்தக் கல், எந்தக் கலவை, எத்தனை ஆண்டுக்கொருமுறை ஓடு மாற்றுவது, எந்த மூலையில் முதலில் நீர் கசியும், சூரியக்கலத்தின் மின்கலம் எப்போது மாற்றத்தக்கது, அதற்கு இன்றைய விலை என்ன என்பவற்றைத் தமிழில் எழுதிய இருபது பக்கக் கொப்பியொன்று போதும். படியொன்று பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடமும், இன்னொன்று அக்கட்டடத்தில் வேலைசெய்த மேசனிடமும்.